நாடிச் சுவரின் தடிப்பு

சுண்ணக்கல் நிலமாகிய தீவகத்திலே, புளியங்கூடல் வீடுகளில் கிணற்றுநீர் காய்ச்சும் கேத்திலினுள் சுண்ணம் படிவது புதுமையன்று. இரத்தக் குழாயும் இவ்வாறே அடைபடுகிறதென்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. வயது ஏறுந்தோறும் நாடியின் சுவரே மெல்லத் தடிக்கிறது. நோவு சிறிதும் தோன்றுவதில்லை.

1986இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், செவிக்கெட்டா மீயொலியைச் செலுத்தி நாடியை ஆராய்ந்தனர். எதிரொலி வரைந்த இரு கோடுகளின் இடைவெளியே உட்படையும் நடுப்படையும் சேர்ந்த தடிப்பு எனக் காட்டினர். கழுத்து நாடியை இம்முறையில் அளந்து, 2000ஆம் ஆண்டு வெளிவந்த சென்னை ஆய்வொன்றில், நீரிழிவு அற்றோரின் சராசரி 0.74 மில்லிமீற்றர், நீரிழிவு உடையோரின் சராசரி 0.95.

அங்ஙனமாயின், நலமாயிருப்போர் யாவரும் இதனை அளந்து பார்த்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க இருதய மருத்துவ நெறிமுறையும் இதனை வழக்கமான சோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. இக்கருவியை நாடித் தீவகத்தார் பண்ணைப் பாலங் கடக்க வேண்டியதில்லை. குருதி அமுக்கத்தையும் சர்க்கரையையும் காலந்தோறும் சோதிப்பித்தல், சுருட்டைக் கைவிடுதல், நாள்தோறும் நடத்தல் — சுவரைக் காக்கும் வழிகள் இவையே. கேத்திலைச் சுரண்டித் துலக்கலாம். நாடியை அவ்வாறு துலக்க இயலாது.