எல்லை கடந்த செவிலியரும் மாநிலப் பதிவும்



வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ் மக்களுள் மத்திய அரசாங்க ஊழியர் உண்டு; வங்கியிலும் தொழிற்சாலையிலும் பணிபுரிவோர் உண்டு; கடை வைத்து வாழ்வோரும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர்க்கு ஊரில் பெற்ற பட்டமே போதும். அதனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரயில் ஏறினால், போய்ச் சேரும் இடத்தில் அது செல்லும். சென்னையில் கணக்குப் படித்தவரை நோக்கி, "இது டில்லிக் கணக்கு அன்று" என எவரும் கூறார். செவிலித் தொழில் கற்றவர்க்கோ நிலைமை வேறு. கற்ற கல்வி நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றே. அதனைக் கொண்டு தொழில் நடத்தும் உரிமை மட்டும் மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை அறியாமையால் நம்மவர் பலர் அடையும் இடர்ப்பாட்டைக் குறித்தே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் சொல்லைப் பற்றி ஒரு சொல். அரசாங்கத் தாள்களை மொழிபெயர்க்கும் எம் போன்றோர்க்கு 'நர்ஸ்' என்பதைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்ற வழக்கு வெகுநாளாக உண்டு. தாதி என்றார் சிலர். செவிலி என்றார் சிலர். மக்களோ நர்ஸ் அம்மா என்றே அழைத்து வருகின்றனர். பழைய அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். மகள் காதலனுடன் ஊரைவிட்டுப் போனபின், பாலை வழியில் எதிர்ப்படுவோரை எல்லாம் நிறுத்தி, "கண்டீரோ?" என்று கேட்டுச் செல்பவள் அவளே. இன்றோ எல்லை கடந்து போகின்றவள் செவிலியே. அவளைத் தேடி வருவது கவுன்சிலின் கடிதம்!

பொருளுக்கு வருவோம். நர்ஸிங் பள்ளியோ கல்லூரியோ அளிக்கும் சான்றிதழ், "இவர் கற்றார், தேறினார்" என்று மட்டுமே சொல்கிறது. பதிவு என்பது, "இவரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம்" என்று சட்டத்தின் பெயரால் சொல்வது. முன்னது ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுதும் நிற்பது. பின்னதற்கு இடமும் உண்டு, காலமும் உண்டு. வெள்ளை உடை உடுத்து வார்டில் நிற்போர் எல்லாம் நர்ஸ் எனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதனைத் திருத்த நியூஸிலாந்து 1901-இல் செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1919-இல் இயற்றியது. நம் சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டு செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. இன்றும் தமிழ்நாட்டுக் கவுன்சிலின் வேர் அச்சட்டமே. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அந்நாள் இந்தியா முழுமைக்கும் செவிலியர் சுமார் 7,000 பேரே எனக் கணக்கிட்டது. அதே 1946-இல்தான் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. வேலூருக்கும் டில்லிக்கும் இடையே செவிலித் தொழிலில் அமைந்த உறவு இவ்வாறு பழையதே.

மாகாணந்தோறும் பாடமும் தேர்வும் வேறாயிருந்தால் ஒரு மாகாணத்துச் செவிலியை மற்றொன்று ஏற்பது எவ்வாறு? இதற்கு விடையாக வந்தது 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம். மத்தியக் கவுன்சில் கல்வியின் தரத்தை வகுப்பது, மாநிலக் கவுன்சில்கள் பதிவேட்டை வைத்துக்கொள்வது என்ற பிரிவினை அதில் ஏற்பட்டது. அங்கீகாரம் பெற்ற கல்வித் தகுதி எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேர்தற்குப் போதுமான தகுதியாகும் என்பது அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு. வெளிமாநிலம் செல்லும் நம்மவர் நினைவில் வைக்கவேண்டிய பிரிவு இது. மதுரையில் தேறியவரை மும்பையில் மீண்டும் தேர்வு எழுதச் சொல்வதற்கில்லை என்பது இதன் பயன். ஆயினும் தகுதி உண்டு என்பது வேறு, பதிவாகியிருக்கிறது என்பது வேறு. விண்ணப்பம் செய்யாதவர் பெயரை எந்தக் கவுன்சிலும் தானாக ஏட்டில் ஏற்றாது.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, நெல்லைச் சீமையில் படித்து அங்கேயே பதிவும் பெற்றவர், கணவருக்கு மாற்றல் வந்தபோது டில்லி வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். தமிழ்நாட்டுப் பதிவைக் காட்டினார். நிர்வாகத்தாரும் பேசாமல் வேலை கொடுத்தனர். மூன்றாண்டுகள் சென்றன. மருத்துவமனைக்கு வெளியிலிருந்து தரப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தபோது, இம்மாநிலப் பதிவு இல்லாதோர் பட்டியலில் இவர் பெயர் நின்றது. நர்ஸாக இருந்தவர் அன்றுமுதல் 'உதவியாளர்' ஆனார். சம்பளமும் அதற்கேற்பச் சுருங்கிற்று. கை அதே கை, வேலை அதே வேலை. நிர்வாகத்தார் மூன்றாண்டுகள் கண்டும் காணாததுபோல் இருந்தது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்றே சொல்வோம். ஆனால் அந்நியாயத்தின் சுமை நிர்வாகத்தின் தலையில் விழவில்லை.

ஆகவே ஊரை விட்டுப் புறப்படும் முன்னரே செய்யவேண்டியது ஒன்றுண்டு. தாய்க் கவுன்சிலில், அதாவது முதலில் பதிவு செய்த மாநிலக் கவுன்சிலில், ஆட்சேபணையின்மைச் சான்றுக்கும் பதிவு சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கவேண்டும். இச்சரிபார்ப்பை நம் கையில் தராமல், போகும் மாநிலத்துக் கவுன்சிலுக்கு நேராக அனுப்புவதே பெரும்பாலும் வழக்கம். ஆதலால் எந்த மாநிலம், எந்தக் கவுன்சில் என்பதை விண்ணப்பத்திலேயே திருத்தமாகக் குறிக்கவேண்டும். பின்னர்ப் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்கையில், பள்ளி இறுதிச் சான்று, ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண் பட்டியல், படிப்புச் சான்று, பழைய பதிவுச் சான்று, அடையாள அட்டை, அம்மாநிலத்தில் வசிப்பதற்கோ பணிபுரிவதற்கோ உரிய சான்று ஆகியவற்றைக் கேட்பர். கட்டணமும் படிவமும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுவன; அவற்றை அந்தந்தக் கவுன்சிலின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும், தரகர் வாயிலாக அன்று. "பத்து நாளில் பதிவு வாங்கித் தருகிறேன்" என்று வருவோரைக் கதவுக்கு வெளியே நிறுத்துக. கவுன்சில் ஒவ்வோர் எண்ணையும் தாய்க் கவுன்சிலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொய்ச் சான்று அகப்பட்டால் உண்மைச் சான்றும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்று பதிவுகள் கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. இந்திய நர்ஸிங் கவுன்சில் நாடு முழுமைக்கும் ஒரு செவிலியர் பதிவேட்டை அமைத்து, பதிவு பெற்ற ஒவ்வொருவர்க்கும் 'என்.யு.ஐ.டி.' என்னும் தனி எண் வழங்கி வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் காகிதப் பதிவு மட்டும் பெற்று வெளியூர் வந்தவர் சிலர் இவ்வெண்ணைப் பெறாமலே இருக்கின்றனர். அவர்கள் இதனை முதலில் முடித்துக்கொள்வது நலம். மாநிலம் மாறும்போது ஒரு கவுன்சில் மற்றொன்றோடு பேசுவதற்கு இந்த எண் பயன்படுகிறது.

இனி, தமிழர்க்கே உரிய ஒரு தொல்லை: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதல் எழுத்தே நம் தலைப்பு. சு. செல்வி என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். பள்ளிச் சான்றில் 'எஸ். செல்வி', ஆதார் அட்டையில் 'செல்வி சுப்பையா', மணமானபின் வங்கிக் கணக்கில் 'செல்வி முருகன்'. தமிழ்நாட்டில் இம்மூவரும் ஒருவரே என்பதை எந்த எழுத்தரும் பார்த்த அளவில் உணர்வார். போபாலிலோ புனேயிலோ உள்ள எழுத்தருக்கு இவர்கள் மூன்று பெண்கள்! அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருடைய படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதனை அவர் வெறுமையாக விடமாட்டார். எம்மிடம் மொழிபெயர்ப்புக்கென வரும் தாள்களில், பொருளைக்காட்டிலும் பெயரால் தடைப்பட்டவையே மிகுதி.

இதற்கு நாம் கூறும் வழி எளிது. புதிய படிவம் எதை நிரப்பினாலும், பள்ளி இறுதிச் சான்றில் உள்ள பெயரையே முதலில் எழுதுக. தலைப்பெழுத்தை விரித்து எழுதும்படி கேட்டால், ஆதாரில் எவ்வாறு விரிந்திருக்கிறதோ அவ்வாறே எழுதுக. ஓர் எழுத்தும் மாற்றாதீர். இரண்டும் ஒருவரே எனச் சான்றளிக்கும் உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் ஏற்கப்படுகிறது. அது போதாதெனின் அரசிதழ் வழியே பெயர் மாற்றம் செய்யவேண்டும். தமிழ்நாட்டு அரசிதழிலும் செய்யலாம். டில்லி சிவில் லைன்ஸில் உள்ள மத்திய வெளியீட்டுத் துறை வாயிலாக இந்திய அரசிதழிலும் செய்யலாம். தமிழில் மட்டும் அச்சான சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கும்போது, பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை மற்றத் தாள்களில் உள்ளவாறே இருக்கும்படி மொழிபெயர்ப்பவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். ஒலிக்குப் பொருந்த அழகாக எழுதுகிறேன் என்று அவர் ஒரு 'எச்' எழுத்தைக் கூட்டிவிட்டால், அந்த ஓரெழுத்துக்காக ஆறு மாதம் அலையவேண்டிவரும்.

புதுப்பித்தலைப் பற்றியும் கூறவேண்டும். முன்னாளில் ஒருமுறை பதிந்தால் முடிந்தது என்றிருந்தனர். இப்போது ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் முறை பரவியுள்ளது. அவ்வைந்தாண்டில் 150 மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருக்கவேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. ஆண்டொன்றுக்கு 30 மணி. மாதத்துக்கு இரண்டரை மணி. இவ்வாறு பிரித்து நோக்கினால் பெரிதன்று. கடைசி மாதத்தில் ஒருங்கே தேடினால்தான் மலை. பயிற்சிக்குச் சென்ற அன்றே சான்றைக் கேட்டு வாங்குக. அச்சான்றில் எந்தக் கவுன்சில் எத்தனை மணியை ஒப்புக்கொண்டது என்பது குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மருத்துவமனைக்குள் நடக்கும் வகுப்பு எல்லாம் கணக்கில் சேரும் என எண்ணிக்கொள்ளவேண்டா.

துணைச் செவிலியர், அதாவது ஏ.என்.எம். படிப்பு முடித்தோர், இவை யாவும் பெரிய நர்ஸுகளுக்கே என நினைப்பது உண்டு. அவ்வாறன்று. பதிவேட்டில் அவர்கட்கும் தனிப் பகுதி உண்டு; மாநிலம் மாறினால் அவர்களும் இதே வழியில் செல்லவேண்டும். சொல்லப்போனால் அவர்கட்கே இது மேலும் இன்றியமையாதது. பதிவில்லாத துணைச் செவிலிக்கும் வீட்டுவேலை செய்யும் ஆயாவுக்கும் நகரத்து ஏஜென்சிக்காரர் வேறுபாடு காட்டுவதில்லை.

மத்திய அரசாங்க மருத்துவமனைகளை நாடுவோர்க்கு ஒரு குறிப்பு. எய்ம்ஸ் என வழங்கும் அகில இந்திய மருத்துவக் கழகங்களின் செவிலியர் தேர்வுக்கு விண்ணப்பிக்க எந்த மாநிலக் கவுன்சிலின் பதிவும் ஏற்கப்படும். பட்டயப் படிப்பினர்க்கு அதனோடு 50 படுக்கைகளேனும் உள்ள மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். அவ்வனுபவக் காலத்தில் பதிவு உயிரோடு இருந்ததா என்பதே நேர்காணலிலும் சான்று பார்க்கையிலும் எழும் கேள்வி.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய நர்ஸிங், மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டத்தை 2023-இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. தேசியப் பதிவேடு ஒன்றும், மாநில ஆணையங்களும் அவற்றின் பதிவேடுகளும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. கவுன்சில் என்ற பெயர் ஆணையம் என மாறினும், மாநிலப் பதிவேடு என்பது மறையவில்லை. "புதுச்சட்டம் வந்துவிட்டது, பழைய பதிவைக் கவனிப்பானேன்?" என்று எவரேனும் கூறின் செவிகொடுக்கவேண்டா.

கடைசியாக, பணியில் இல்லாத செவிலியரை நோக்கிச் சொல்வது. மணம், மகப்பேறு, கணவர்க்கு மாற்றல், மாமியாருக்கு நோய் எனப் பல காரணத்தால் ஐந்தாண்டு, பத்தாண்டு வேலையை விட்டு வீட்டில் இருப்போர் கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் பலர். வேலையில்லாதபோது பதிவுக்கு ஏன் பணம் கட்டவேண்டும் என அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் குடும்பத்தில் சம்பாதிப்பவர் படுத்துவிட்ட நாளில்தான் அந்தப் பழைய சான்று பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. அன்று அது காலாவதியாகி இருப்பின், தண்டக் கட்டணம், விட்டுப்போன தொடர்கல்வி மணிகள், தாய்க் கவுன்சிலின் கடிதம் என மாதங்கள் ஓடும். வீட்டு வாடகை மாதங்களுக்குக் காத்திராது. ஆகையால் வேலையில் இல்லாத ஆண்டுகளிலும் புதுப்பித்து வருக. அதோடு, கவுன்சிலின் ஏட்டில் உள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பலருடைய பதிவில் இன்னமும் பிறந்த ஊரின் தெருப்பெயரே நிற்கிறது. புதுப்பிக்கும்படி நினைவூட்டி வரும் கடிதம், பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுத் திண்ணையில் விழுகிறது.