பொதுக்களமும் கணிப்பொறியும்



தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்குப் பொதுக்களத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் களம் ஒன்று. சம்பா அறுத்தவர்களோ பலர். ஒருவர் போரடித்துத் தூற்றி நெல்லைக் குவித்ததும், மதிப்பிட்டுக் கணக்கெழுதி, குவியலின்மீது சாணிப்பாலால் குறியிடுவார்கள். மறுநாள் குறி கலையாதிருந்தால் எவரும் கை வைக்கவில்லை என்று பொருள்; எழுதிய கணக்கே போதும். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அக்காட்சி அருகிவிட்டது. ஆயினும் கணிப்பொறிக்குள் அது நொடிதோறும் நடக்கிறது என்றால் வியப்பீர்கள்!

பிராசஸர் தன் கைக்கெட்டும் தூரத்தில் எண்களை வைத்துக் கணக்கிடும் சிற்றிடங்களைப் பதிவகங்கள் என்பர். முழு எண்களுக்கு ஒரு தொகுதி. தசமப் புள்ளி இடம்பெயரும் மிதவைப் புள்ளி எண்களுக்கு வேறொன்று. பல எண்களை ஒரே வீச்சில் கணக்கிட வெக்டார் பதிவகங்கள். இவை பொதுக்களம். நிரல்கள் பல முறைவைத்து இவற்றைப் பயன்படுத்துகின்றன. முறை மாறுகையில் முன்னவனுடைய எண்களை நினைவகத்தில் ஒதுக்கி, பின்னவனுடையவற்றை மீட்டு வைப்பது இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலின் பொறுப்பு. களத்துக் காரியக்காரர் என்று அதனைக் கொள்ளுங்கள்.

சுமை சிறிதன்று. 64 பிட் மிதவைப் பதிவகங்கள் 32 என்றால் 256 பைட்டுகள். இன்டெலின் ஏவிஎக்ஸ்-512 வெக்டார் பதிவகங்களோ 2,048 பைட்டுகள். ஆதலின் முற்காலத்தில் ஒரு சிக்கனம் செய்தார்கள். முன்னவனின் குவியலை அப்படியே களத்தில் விட்டுவைப்பது; பின்னவன் போரடிக்க முனையும்போதுதான் காவற்காரன் அதட்டித் தடுப்பான்; அப்போது குவியலை அகற்றினால் போதும். பலர் களத்தைத் தொடாமலே போய்விடுவர் அல்லவா?

2018 ஜூன் மாதத்தில் இதன் குறை வெளிப்பட்டது. இன்டெல் கோர் வகைப் பிராசஸர்கள், தடை வருமுன்பே அடுத்த கட்டளைகளை ஊகித்துச் செய்துபார்க்கும் இயல்புடையவை. காவற்காரன் அதட்டியதும் பின்னவன் கையை எடுத்துவிட்டான். ஆனால் விரலில் ஒட்டிய உமி, அது யாருடைய என்ன நெல் என்று சொல்லிவிட்டது! பதிவகங்களில் சங்கேதச் சாவிகளும் தங்குவதுண்டு என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். லினக்ஸ் கெர்னல், நல்லவேளையாக, 2016-லேயே அவ்வழக்கத்தைக் கைவிட்டிருந்தது; அதுவும் வேறு காரணங்களுக்காக.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசஸர்கள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் இலக்கணத்தில் நம் சாணிக்குறியே இருக்கிறது. இரண்டே பிட்டுகள், அவை காட்டும் நிலைகள் நான்கு: மூடியது, தொடக்க நிலை, மாறாதது, மாறியது. நிரல் ஒரு மிதவைப் பதிவகத்தில் எழுதியதும் குறி கலைந்து ‘மாறியது’ ஆகிறது. முறை மாறுகையில் குறி கலைந்திருந்தால் மட்டுமே லினக்ஸ் சேமிக்கிறது. இல்லையேல் பழைய பிரதியே செல்லும். ஆனால் புதியவனுக்கு உரியவற்றை அப்போதே நிரப்பிவிடுகிறது. பிறர் நெல் களத்தில் கிடப்பதில்லை. சேமிப்பதில் சிக்கனம், மீட்பதில் தாமதமின்மை. இந்தப் பாகுபாடுதான் எனக்கு அழகாகத் தோன்றுகிறது. 2021-ல் உறுதியான வெக்டார் இலக்கணத்திற்கும் இதே நான்கு நிலைகளைக் காட்ட வேறு இரு பிட்டுகள் உண்டு.

காரியக்காரரும் இவ்விதிக்கு விலக்கல்லர். சங்கேத வேலைக்காகக் கெர்னலே வெக்டார் பதிவகங்களைக் கையாள நேர்ந்தால், முதலில் குடியானவனின் நெல்லைப் பத்திரமாக ஒதுக்கிய பின்னரே தன் கதிர்க்கட்டை அவிழ்க்க வேண்டும்.