மண்ணின் நலம் கேட்போம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திராட்சை மதுவைப் பற்றிப் பேச வந்தோம் என்றதும் சிலர் புன்னகை புரிகின்றனர். குடியைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஒரு குடும்பம் தன் மண்ணைக் காத்த வரலாற்றையே கூற விழைகிறோம்.

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் கூலே த செரான் என்னும் தோட்டம் உளது. 12-ஆம் நூற்றாண்டில் துறவியர் திராட்சை நட்ட இடம். பரப்பு சுமார் 7 ஹெக்டேர். நிக்கோலா ஜோலி என்பார் வங்கி உத்தியோகத்தைத் துறந்து, 1970-களில் இக்குடும்பத் தோட்டத்திற்குத் திரும்பினார். களைக்கொல்லி தெளித்தால் செலவு மிச்சம் என்றனர், அவரும் இசைந்தார். ஈராண்டில் மண்ணின் நிறம் மாறிற்று. மிஞ்சியது பணம், குன்றியது மண்ணின் உயிர்.

அவர் மனம் வருந்தி வழி தேடினார். 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளில் பிறந்த 'பயோடைனமிக்' வேளாண்மையை 1980-களில் மேற்கொண்டார். பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுதும் புதைத்து வைப்பர். பின்னர் அதனை நீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பர். கொம்பின் சிறப்பை விஞ்ஞானிகள் பலர் ஒப்புவதில்லை. ஆயினும் இரசாயனத்தை விலக்கித் தொழுவுரம் இடுவதன் நன்மையை யார் மறுப்பர்? பழத்தோலில் இயல்பாய் உள்ள ஈஸ்ட்டே அங்குச் சாற்றைப் புளிக்கச் செய்கிறது. அவருக்குப்பின் மகளும் அப்பணியை ஏற்றார்.

நாமோ நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, சம்பளத்தை நம்பி இங்கு வந்தோம். ஊருக்குப் பேசும்போதெல்லாம் எத்தனை மூட்டை என்று கேட்கிறோம். மண் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளேனும் கேட்டோமா? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் செல்வோம்; ஒரு பிடி மண்ணை அள்ளி, மண்புழு உளதா என்று பார்ப்போம்.