தரையில் பறக்கும் விமானம்
(கோட்டக்குப்பத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஆகாய விமானத்தையும் விண்கலத்தையும் தரையிலேயே ஆட்டிப் பார்த்துச் செய்யும் முறையைப் பற்றி இன்று பேசுகிறோம். உப்பளத்தையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கட்டுமரத்தில் போகிறவருக்குத்தான் இது சுலபமாய் விளங்கும் என்பது நமது அபிப்பிராயம். அலையில் மரம் ஏறி இறங்குகிறது, முன்னே பின்னே போகிறது, பக்கவாட்டில் நகர்கிறது, மூக்கைத் தூக்குகிறது, சாய்கிறது, திரும்புகிறது. ஆக அசைவு ஆறு. இந்த ஆறையும் ஓர் அறைக்குக் கொடுப்பதற்காக, நீண்டு குறுகும் ஆறு கால்களை அதனடியில் வைக்கிறார்கள். உள்ளே விமானியின் ஆசனம், எதிரே ஆகாயத்தின் படம். இதுதான் பாவனை விமானம்.

சில அடி தூரமே நகரக்கூடிய அறையில், விமானம் வேகமெடுப்பதை எப்படிக் காட்டுவது? அறையை மெல்லப் பின்னால் சாய்த்துவிடுகிறார்கள். படம் மட்டும் சாயாமல் நிற்கிறது. முதுகு ஆசனத்தில் அழுந்தவே, உள்ளே இருப்பவர் தாம் முன்னே பாய்வதாக நம்பிவிடுகிறார். நம் காதுக்குள் இருக்கும் நிதான உறுப்புக்குச் சாய்வதும் வேகமெடுப்பதும் ஒன்றாகவே படும். "என் உடம்பே உணர்ந்ததே, பொய்யாகுமா?" என்பவர்களை இதில் ஒரு நாழிகை உட்காரவைத்தால் போதும்!

இது விளையாட்டல்ல. மேகத்துக்குள் கருவியை நம்பாமல் உடம்பை நம்பி மாண்ட விமானிகள் அநேகர். 1929ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டே ஒரு பாவனை விமானம் செய்தார். வெகுநாள் அதைப் பொழுதுபோக்குச் சாமானாகவே மதித்தார்கள். 1934ல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் வரிசையாய்ச் செத்த பிறகுதான் ராணுவம் ஆறு வாங்கிற்று. பிணம் விழுந்தால்தான் புத்தி வருவது எல்லாத் தேசத்துக்கும் பொது போலும்.

புது விமானம் செய்வதற்கும் இதுவே வழி. பெங்களூரில் உருவான தேஜஸ் தானாக நிலைத்துப் பறக்கக்கூடியதல்ல. சட்டென்று திரும்புவதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் இடைவிடாமல் திருத்தாவிட்டால் கவிழும். அத்திருத்தத்தின் விதிகளை விமானிகள் பாவனை விமானத்தில் ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டு மாற்றிய பிறகே, 2001 ஜனவரி 4ந் தேதி அது பறந்தது. தரையில் கவிழ்ந்தால் ஒரு தாயும் அழ வேண்டியதில்லை.

ககன்யான் விண்கலத்துக்குத் தேர்ந்த நால்வரும், அவர்களில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும், இப்படிப்பட்ட பாவனைக் கலங்களில் பழகியவர்களே. ஆனால் எடையின்றி மிதப்பதை ஆடும் அறையால் காட்ட முடியாது. கலம் கடலில் விழுவதையும் மெய்யாகவே விழவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே 2023 அக்டோபர் 21ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாக் கலத்தை ஏவினார்கள். ஏவுவதற்கு 5 நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. அபசகுனம் என்று எவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. கோளாறைக் கண்டு திருத்தி 10 மணிக்கு ஏவினார்கள். கலம் பாராசூட்டில் இறங்கி, நமது இதே வங்கக் கடலில் விழுந்தது.