மேடை தந்த பெயர்
(முகத்துவாரத்தில் எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெற்றோர் வைத்த பெயர் ஒன்று. நடிகனுக்கோ, அவன் பூண்ட வேடம் வைத்த பெயர் வேறொன்றும் உண்டு. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்த கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்றழைத்தார்; அப்பெயரே நிலைத்தது. ஔவையாராக நடித்த டி. கே. சண்முகம் 'ஔவை' சண்முகம் ஆனார். காங்கேசன்துறை வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று ஊரை அழவைத்தார். 'நடிகமணி' என்ற பட்டமின்றி அவர் பெயரை நாம் சொல்வதே இல்லை.

நமது இலங்கை வானொலியின் கதை இன்னும் இனிது. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் வானொலியில் வந்தது. 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமும் ஆயிற்று. அதில் தமிழரான ராமதாஸ் 'மரிக்கார்' ஆனார். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழ் பேசி 'உபாலி' ஆனார். ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில் 'அப்புக்குட்டி' ஆனார். ஐயராகப் பேசியவரோ அப்துல் ஹமீத்! ஒருவர் சமூகத்தின் பெயரை மற்றவர் சுமந்தார், கேட்டவர்கள் சிரித்தார்கள், எவர் மனமும் புண்படவில்லை. 1983 ஆடிக் கலவரம் நம்மவர் பலரை நாடு நாடாகச் சிதறடித்தது. ஆயினும் 'மரிக்கார்' ராமதாஸ், 'உபாலி' செல்வசேகரன் என்ற பெயர்கள் சிதறவில்லை.

இன்று பட்டம் சூட்டும் சபை கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. பழைய நாடகத் துண்டொன்றை யூடியூபில் பார்க்கும் இளைஞர், அந்தப் பாத்திரத்தின் பெயரையே முகநூலில் தம் பெயராக இட்டுக்கொள்கிறார். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைக் கண்ணாற் காணாத பிள்ளைகளும் அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. அன்பினால் எடுத்த பெயர், அந்தக் கலைஞருக்கு இன்னுமோர் ஆயுள்.

ஆனால் இரண்டு விடயங்களை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். முதலாவது, அதே 'உபாலி'யை, அதே 'மரிக்கா'ரை, அயல் வீட்டுக்காரரைப் பழிப்பதற்கு எடுத்தால், அது அக்கலைஞர்களுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் அயலவரின் பேச்சை அன்போடு கேட்டுப் பழகியபின்பே பேசினார்கள். கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே உள்ள நகரில் வாழும் நமக்கு இது தெரியாததா? இரண்டாவது, பட்டப்பெயர் மட்டும் பரவி, அதைச் சம்பாதித்தவரின் இயற்பெயர் மறைந்துபோகிறது.

ஆகவே இளைஞர்களே, ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுமுன், அது எந்த நாடகம், எவர் நடித்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதி, அடுத்த மலருக்குத் தாருங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது 'உனக்கேன் அது' என்று தட்டிவிடாதீர்கள். அந்த மேடையைக் கண்ட கண்கள் நம்மிடையே குறைந்து வருகின்றன. அவை இருக்கும்போதே கேட்டுவைப்பது நம் கடமை.