எல்லைப்புற ஊராட்சியும் பொது நிர்வாகப் பட்டமும்

பணியிலிருந்துகொண்டே பொது நிர்வாக இயலில் முதுகலைப் பட்டம் பெறுதல் இந்நாட்டு அரசு அலுவலர்க்குப் புதியதன்று. பகலில் கோப்பும் இரவில் பாடநூலுமாக ஈராண்டு, மூவாண்டு உழைத்துப் பட்டம் பெற்றவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு. அப்பட்டம் அவர்தம் பதவி உயர்வுக்குப் பயன்பட்டதா என்பது ஒரு வினா. அவரது மேசைக்கு எதிரே வந்து நிற்கும் மனுதாரருக்குப் பயன்பட்டதா என்பது வேறொரு வினா. இவ்வுரை இரண்டாவது வினாவைப் பற்றியது. அதனை ஆராய, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளே தக்க களம் எனலாம்.

இக்கல்வியின் வரலாறு சுருக்கமானது. 1937 ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டயக் கல்வியைத் தொடங்கியது. அமெரிக்க நிர்வாக இயல் அறிஞர் பால் ஆப்பிள்பி இந்திய நிர்வாகத்தை ஆராய்ந்து 1953 இல் அளித்த அறிக்கையை ஒட்டி, மறு ஆண்டில் புது தில்லியில் இந்தியப் பொது நிர்வாகக் கழகம் நிறுவப்பெற்றது. பணி நடுவிலுள்ள உயர் அலுவலர்க்கான நீண்டகாலப் பயிற்சியை அக்கழகம் 1975 இல் தொடங்கியது. 1985 இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தால் பட்டதாரியான எழுத்தரும் அஞ்சல் வழியே இவ்வியலை முதுகலை வரை பயிலும் வாய்ப்புப் பெற்றார். கேரளத்தில் திருச்சூரை அடுத்த முளங்குன்னத்துக்காவில் 1990 இல் உள்ளாட்சி நிர்வாகப் பயிற்சிக்கெனத் தனி நிறுவனம் அமைந்தது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. பணம் வந்த வேகத்தில் அதனைக் கையாளும் பயிற்சியும் வரவேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் பணியேற்ற கேரள நிர்வாகப் பணியின் முதல் அணி 105 பேரைக் கொண்டது. நேரடித் தேர்வாளரோடு, ஏற்கெனவே அரசுப் பணியிலிருந்தவர்களும் தனிப் பிரிவுகளின் வழியே அதில் இடம் பெற்றனர்.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாடம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. வெபரும் வில்சனும் கூறியவற்றை ஒப்பிக்கும் மாணவர், தம் வட்டத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கின் கோப்பைத் திறந்தும் பார்த்திராமல் பட்டம் பெற்றுவிட முடிகிறது.

பெருமாட்டியின் கோப்பு

சித்தூர் வட்டம் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில் உள்ளது. மேற்கே பெய்யும் மழை இங்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி முதலிய ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000 ஆம் ஆண்டில் கோக்கோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உரிமம் வழங்கியது ஊராட்சியே. வேலைவாய்ப்பும் வரி வருவாயும் வரும் என்ற எதிர்பார்ப்பு தவறானதன்று. ஆனால் சில மாதங்களிலேயே சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் உவர்த்து, சமையலுக்கும் ஆகாததாயிற்று என்று மக்கள் முறையிட்டனர். ஆலைக் கழிவு உரமென்று வயல்களுக்கு அளிக்கப்பட்டது. அதில் காட்மியம் முதலிய நச்சு உலோகங்கள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் பழங்குடி மக்கள் மறியலைத் தொடங்கினர். எரவாளர் இனத்தைச் சேர்ந்த மயிலம்மா அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார்.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதன்பின் நிகழ்ந்தவையே நிர்வாக இயல் மாணவர் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதியாகும். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி அளித்த தீர்ப்பு, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றும், அதனைக் காப்பது அரசுக்கும் ஊராட்சிக்கும் உரிய கடமை என்றும் கூறியது. ஆயினும் அளவுக்கு மீறி நீர் எடுத்தமைக்காக ஆலையையே மூடச் சொல்லும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, நிலத்தடி நீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லலாம் என்றும் அதே தீர்ப்பு வரையறுத்தது. அதாவது, ஊராட்சியின் நோக்கம் சரி. அது பிறப்பித்த உத்தரவின் வடிவம் சரியன்று. கடமையை உணர்ந்த ஓர் உள்ளாட்சி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்தச் சான்றைக் காட்டி, எவ்வளவு தூரம் செல்லலாம் என்று எழுதத் தெரிந்த கையின் துணையின்றி நின்றது. இதற்காகப் பெருமாட்டியைக் குறை கூறுவதற்கில்லை. அன்றைய நிலையில் வேறெந்த ஊராட்சியும் இதனினும் சிறப்பாகச் செய்திருக்கும் என்று சொல்ல இயலாது.

2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றியது. தன் நிலத்தடி நீரை நியாயமான அளவில் எடுக்க நில உடைமையாளருக்கு உரிமையுண்டு என்று கூறி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அது அனுமதித்தது. வல்லுநர் குழுவின் நீர் ஆய்வே அந்த அளவுக்கு அடிப்படை. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆலை வருவதற்கு முன்னர் அவ்வூர்க் கிணறுகளின் நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஆண்டுதோறும் குறித்துவைத்த பதிவேடு ஊராட்சியின் கையில் இருந்திருக்குமாயின், விவாதம் அந்த ஏடுகளின் மீது நடந்திருக்கும். ஒரு பதிவேட்டைப் பராமரிப்பது உயர்கல்வியின் பொருளாகுமா என்று சிலர் நகைக்கக்கூடும். அப்பதிவேடு எத்துணை மதிப்புடையது என்பதை உணர்த்தாத உயர்கல்வி எதற்கு என்று திருப்பிக் கேட்கவும் இடமுண்டு.

வழக்கின் பிற்பகுதியும் பாடமே. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 இல் இழப்பை ரூ.216.26 கோடி என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011 பிப்ரவரியில் சட்டப்பேரவையில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் சென்றது. 2010 ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கையில் இத்தகைய மாநிலச் சட்டம் செல்லுமா என்ற ஆட்சேபம் எழுந்தது. மசோதா ஒப்புதல் பெறாமலே திரும்பியது. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017 இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. போராட்டம் ஆலையைப் பொறுத்தமட்டில் வென்றது. கிணறு இழந்த குடும்பத்துக்குரிய தொகையோ மத்திய, மாநில அதிகார எல்லையில் சிக்கிக்கொண்டது.

மனு எந்த மொழியில்?

அரசியலமைப்பின் 350 ஆவது பிரிவு, தம் குறையைத் தெரிவிக்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்துடன், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வழி செய்தது. உரிமை தாளில் தெளிவாக உள்ளது. அதனை நடைமுறையாக்க வேண்டியவர் கிராம அலுவலகத்து எழுத்தர். தெற்கு மாவட்டமொன்றிலிருந்து மாற்றலாகி வந்த அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாதெனில், மனு மொழிபெயர்ப்பாளரைத் தேடிச் செல்கிறது. மனுதாரர் மறுநாள் கூலியை இழந்து மீண்டும் வருகிறார்.

முதுகலைப் படிப்பில் தமிழ் எழுத்தறிவுக்கு ஒரு தாள் ஒதுக்குவது பெரிய செலவன்று. மறுபுறம், தமிழ்வழிப் பள்ளியில் பயின்று அரசுப் பணியில் சேர்ந்த எல்லைப்புற இளைஞருக்கு உயர்கல்வியும் தமிழில் கிடைத்தல் நன்று. 2002 இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாக முதுகலையைத் தமிழ்வழியில் அளிக்கிறது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு அப்பால் கல்வி மையம் நடத்த இயலாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. விதிக்குக் காரணம் உண்டு. தரமற்ற மையங்கள் நாடெங்கும் முளைத்ததைத் தடுக்கவே அது வந்தது. எல்லையோரத்து மொழிச் சிறுபான்மையினரை அவ்விதி எண்ணிப் பார்க்கவில்லை.

மலைமேல் ஊராட்சி

இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவானது. அதன் தேவிகுளம் வட்டத்தில், முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி 2010 இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. தன்னாட்சி கிடைத்தது, அலுவலகமோ காட்டுக்கு வெளியே தேவிகுளத்தில் பல ஆண்டுகள் இயங்கியது. மக்கள் ஒரு சான்றிதழுக்காகக் காட்டு வழியே நடந்தனர். நிதியைச் செலவிடவில்லை என்று கணக்கு காட்டுவது எளிது. ஒரு மூட்டை சிமெண்டைத் தலைச்சுமையாகக் கொண்டுசெல்லும் கூலி, மதிப்பீட்டு விகிதப் பட்டியலில் உரியவாறு இடம்பெற்றிருந்ததா என்று பார்ப்பதே நிர்வாக இயல்.

அவ்வழியின் தொடக்கத்திலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. உயிரிழந்தோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்தமையால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. லயத்தின் சுவரும் கூரையும் 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிருந்தன. 2025 நவம்பரில் அச்சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துள் அடங்கியது. வாக்குச்சீட்டில் ஊராட்சியின் குடிமகன், குடியிருப்பில் நிறுவனத்தின் ஊழியர் என்னும் இரட்டை நிலையில் வாழ்பவருக்கு, மழைக்காலத்தில் அவ்விடத்தை விட்டு வெளியேறுமாறு சொல்ல வேண்டியவர் யார்? வருவாய்த் துறையா, ஊராட்சியா, தோட்ட மேலாளரா? அவையிலுள்ள இளம் அலுவலர்கள் விடையைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் தேடுவர். சட்டம் மாவட்ட ஆணையம் வரை கூறும். அதற்குக் கீழே நள்ளிரவில் லயத்தின் கதவைத் தட்டுபவர் யாரென்பதைத் தேவிகுளத்து அலுவலகங்களே அமர்ந்து எழுத வேண்டும். அத்தகைய வரைவு ஒன்று, முதுகலை ஆய்வேட்டுக்கு முற்றிலும் தகுதியான பொருளாகும்.

நீர்ப் பங்கீடும் அவ்வாறே. 1970 இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பொள்ளாச்சி அலுவலரும் சித்தூர் அலுவலரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஓராண்டுக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கும் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எட்டாததன்று. இரு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்பர். ஒரு நீர்மட்ட அளவுகோலைச் சென்று பார்ப்பதற்கு அவ்வளவு பெரிய ஒப்புதல் தேவையில்லை.

வகுப்பு எங்கே நடத்துவது என்பதும் சிறிய செய்தியன்று. மறையூரில் பணிபுரியும் அலுவலர் முளங்குன்னத்துக்காவு சென்று சேர ஏறத்தாழ ஒரு பகல் வேண்டும். மலையின் மறுபுறம் இறங்கினால், சின்னாறு கடந்து உடுமலைப்பேட்டைக்கு அவர் சனிக்கிழமை காலை சென்று மாலையே வீடு திரும்பிவிடலாம்.