தாமதத்துக்கு யார் வட்டி கட்டுவது?

(திருவக்கரையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டத்தில் பேசியது)

குவாரி வேலையை முடித்துவிட்டுக் கல்தூசியோடு நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே, மூன்று சக்கர வண்டியிலும் ஊன்றுகோலிலும் முன்வரிசைக்கு வந்திருக்கும் என் சொந்தங்களே!

பௌர்ணமி என்றால் வக்கிரகாளி அம்மனைப் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம் வருகிறது. வருகிறவர்கள் அப்படியே கல்மரப் பூங்காவையும் பார்க்கிறார்கள். அந்த மரங்களுக்கு வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு என்கிறார்கள் புவியியல் துறைக்காரர்கள். மரம் கல்லாக நெடுங்காலம் வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளி கொடுத்த மனு கல்லாக, ஓர் அரசாங்க மேசையில் ஒரு வருஷம் போதும்!

குவாரியில் கால் போன ஒருவர் மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வாங்க என்ன செய்ய வேண்டும்? முதலில் இ-சேவை மையம். அடையாள அட்டைக்கு விண்ணப்பம், போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு. பிறகு மருத்துவ முகாம். எலும்பு டாக்டர் வந்த நாளில் காது டாக்டர் வரமாட்டார். காது டாக்டர் வந்த நாளில் மெஷின் இருக்காது. சதவீதம் போட்டு அட்டை வந்த பிறகு, உதவித்தொகைக்குத் தனி மனு. அது வி.ஏ.ஓ.விடம் போகும், ஆர்.ஐ.யிடம் போகும், தனி தாசில்தாரிடம் போகும். போன மனு திரும்பியும் வரும். ஏன்? அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பாம். கல் உடைத்தே தேய்ந்த விரல் மெஷினில் ரேகை காட்டவில்லையாம்.

விழுப்புரம் போய்வந்தால் ஒரு நாள் போச்சு. தனியாகப் போக முடியாது. கூடப் போகிற மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போச்சு. படி உயர்ந்த பஸ்ஸில் அவரைத் தூக்கி ஏற்றியாக வேண்டும். போய் நின்றால், 'அடுத்த வாரம் வாங்க.' அந்த அடுத்த வாரத்துக்கான பஸ் காசை யார் கொடுப்பது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொண்டது. விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்று 2017இல் விதி போட்டார்கள். அந்த ஒரு மாதத்தைக் காப்பாற்ற முடிந்ததா? முடியவில்லை. என்ன செய்தார்கள்? டாக்டர்களைக் கூட்டினார்களா? இல்லை. 2024இல் விதியைத் திருத்தி, ஒரு மாதத்தை மூன்று மாதம் ஆக்கினார்கள்! இரண்டு வருஷத்துக்கு மேல் முடிவெடுக்காமல் கிடந்தால் அந்த விண்ணப்பம் செயலிழந்துவிடும், மறுபடி அலைய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தூங்கியது அவர்கள், காலாவதியானது நம் மனு!

தோழர்களே, இந்தத் தாமதம் ஏன் நடக்கிறது? ஊழியர் பற்றாக்குறை உண்டு, டாக்டர் பற்றாக்குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியில் இருக்கும் காரணம் வேறு. ஆணை வந்த பிறகுதான் பணம் வர ஆரம்பிக்கிறது. மனு கொடுத்த நாளுக்கும் ஆணை வந்த நாளுக்கும் நடுவில் போன மாதங்கள் போனதுதான். ஒரு வருஷம் இழுத்தடித்தால், தலைக்கு 18,000 ரூபாய் கஜானாவுக்கு மிச்சம். தாமதித்தால் லாபம், சீக்கிரம் செய்தால் செலவு என்று வைத்துவிட்டு, 'துரித நடவடிக்கை' என்று சுவரில் எழுதினால் யார் ஓடி வந்து வேலை செய்வார்கள்?

தாமதத்துக்கு விலை வைக்க இந்த நாட்டுக்குத் தெரியாதா? தெரியும்! வேலையில் கை கால் போன தொழிலாளிக்கு இழப்பீடு தர முதலாளி ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இப்படிச் சேர்த்து வைத்தார்கள். நூறு நாள் வேலைக்குக் கூலி தாமதமானால் நாளுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு என்று எழுதினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் வராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம். என் மனு எங்கே என்று கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமானால் அதிகாரிக்கு அபராதம் உண்டு. அந்த மனுவே தாமதமானால் யாருக்கும் ஒன்றுமில்லை! இது என்ன நியாயம்?

2010இலேயே மத்தியப் பிரதேசம் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. கெடுவுக்குள் வேலையை முடிக்காத அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், 5,000 வரை அபராதம். அந்தப் பணத்தை மனுதாரருக்கே கொடுக்கவும் வழி வைத்தார்கள். பின்னாலேயே பல மாநிலங்கள் அதே வழியில் போயின. எல்லாத் திட்டத்திலும் நாம்தான் முன்னோடி என்று மார் தட்டும் தமிழ்நாடு இதில் மட்டும் ஏன் கடைசி வரிசையில் உட்கார வேண்டும்?

'போலி மனுக்கள் வருகின்றன, சரிபார்க்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். தாராளமாகச் சரிபாருங்கள்! தகுதி இல்லாதவரை நிராகரியுங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஆனால் சரிபார்க்க நீங்கள் எடுக்கும் நேரத்தை, தகுதியுள்ளவரின் சோற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கு. மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு பணம் வேண்டும். கெடு தாண்டினால் வட்டி வேண்டும். இரண்டு வருஷக் காலாவதி விதி ஒழிய வேண்டும். மருத்துவக் குழு, மாதம் ஒரு நாளாவது ஒவ்வொரு தாலுகாவுக்கும் வர வேண்டும். நாங்கள் கேட்பது சலுகை இல்லை. கடன்காரரிடம் வரவேண்டிய பாக்கியைக் கேட்கிறோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. இனி ஒருவரும் ரசீது இல்லாமல் மனு கொடுக்காதீர்கள். ரசீதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கெடு தாண்டிய மறுநாளே, மனு யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள். ஊராகத் திரண்டு போவோம். வாருங்கள்!